கல்வீட்டின் தலையில் கீற்று: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வீடுகளின் மேற்கூரையும் தீயும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் அமைந்த ஸ்ரீரங்கம் தீவிலும், காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டையைச் சுற்றி வளர்ந்த திருச்சிராப்பள்ளியிலும் மக்கள் குடியிருந்த வீடுகளின் வரலாறு, கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவற்றின் வரலாற்றுக்குள் ஓரமாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வீடுகளின் மேற்கூரை எப்பொருளால் ஆனது, அப்பொருள் எப்போது மாறியது, மாறியபோது தீயின் ஆபத்து எங்கே இடம்பெயர்ந்தது என்பன தனியே ஆராயத்தக்க கேள்விகள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போடப்பட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றி, மணமகன் உள்ளிட்ட 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை ஒரு நாளின் கவனக்குறைவாக மட்டும் கண்டு விலகிச் செல்வது எளிது. ஆனால் கல்லும் சுண்ணாம்பும் சிமென்ட்டுமாகக் கட்டிய கட்டடத்தின் தலைமேல் கீற்று ஏறி அமர்ந்த வழி நெடியது. மரத்தையும் ஓலையையும் எளிதில் எரியாதபடி பதப்படுத்தும் அறிவு அதைக் காட்டிலும் பழையது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலேயே போனதுதான் இப்பகுதியின் கூரை வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க செய்தி.

தென்னை செழித்த காவிரிக் கரையில் ஏழைக்கும் நடுத்தர உழவருக்கும் கைக்கு எட்டிய கூரைப்பொருள் கீற்று. தென்னை மட்டையை நடுவே இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்து, இலைகளை மேலும் கீழுமாக மடித்து முடைந்தால் கிடைப்பது கீற்று. மூங்கில் கழிகளின் மேல் அதை அடுக்கடுக்காகப் பரப்பி நார்க்கயிற்றால் கட்டினால் கூரை ஆயிற்று. பனை மிகுந்த வறண்ட ஊர்களில் பனையோலையும், வயல் சூழ்ந்த ஊர்களில் வைக்கோலும், நீர்நிலைகளை ஒட்டிய ஊர்களில் விழல் என்னும் நீண்ட புல்லும் இதே வேலையைச் செய்தன. குளிர்ச்சி, கனமின்மை, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை குறைந்த செலவில் மாற்றிக்கொள்ளும் வசதி ஆகியவை கீற்றின் சிறப்புகள். தீ என்று வரும்போது அச்சிறப்புகளே அதன் குறைகளாகின்றன. கீற்று மெல்லியது, இடையிடையே காற்று நிறைந்தது, பங்குனி பிறக்கும்போது ஈரம் முழுதும் வற்றிச் சருகாகியிருப்பது. அடுப்பிலிருந்து பறந்த ஒரு பொறி கூரையின் கீழ்விளிம்பில் பற்றினால், சூடான காற்று மேல்நோக்கி எழும் இயல்பால் தீ சரிவில் ஏறி முகட்டை அடைய வெகுநேரம் ஆவதில்லை; முகட்டிலிருந்து எரியும் ஓலைகள் காற்றில் பறந்து அடுத்த தெருவின் கூரைகளில் விழும். தீயை அணைக்க வழியில்லாத நிலையில் ஊரார் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே: இன்னும் பற்றாத அடுத்த கூரையை அவசரமாகப் பிரித்தெறிந்து தீக்கு இரை கிடைக்காமல் செய்வது. ஒருவர் வீட்டை இழந்து தெருவைக் காப்பாற்றிய இந்த முறையில், எவருடைய கூரை பிரிக்கப்பட வேண்டும் என்பதைக் காற்றின் திசையே தீர்மானித்தது.

இதற்கு நேர்மாறான கட்டுமானம் ஸ்ரீரங்கத்தின் அக்கிரகாரங்களில் வளர்ந்தது. ஏழு திருச்சுற்றுகளைக் கொண்ட அரங்கநாதர் கோயிலில் வெளிப்புறத்து மூன்று சுற்றுகள், அதாவது உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி ஆகியவை, மதில்களுக்கு உள்ளேயே மக்கள் குடியிருக்கும் தெருக்களாக உள்ளன. கோயிலின் எல்லைக்குள் ஓர் ஊரே அடங்கியிருக்கும் இவ்வமைப்பில் வீடுகள் அகலம் குறைந்தும் நீளம் மிகுந்தும் அமைந்தன. தெருவில் திண்ணை, அதன்பின் ரேழி என்னும் இடைகழி, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், கூடம், அடுக்களை, கொல்லை எனப் பின்னோக்கி நீளும் இவ்வீடுகள் பக்கத்து வீட்டோடு ஒட்டியே நின்றன. வீடுகளுக்கு இடையில் சந்து இல்லாத தெருவில் தீ பரவாமல் இருப்பதற்கு இடையிலுள்ள செங்கற்சுவரே முதற்காப்பு. அச்சுவர் கூரைமட்டத்தைத் தாண்டி மேலெழும்பிய இடங்களில் காப்பு முழுமையாக இருந்தது. இரு வீட்டுக் கூரைச் சட்டங்களும் ஒரே சுவரின்மேல் தலைசாய்ந்த இடங்களில் அது பாதியாகக் குறைந்தது.

இவ்வீடுகளில் ஓட்டுக் கூரைக்கும் கூடத்துக்கும் இடையில் மச்சு என்றொரு தளம் அமைவதுண்டு. தடித்த தூலங்களைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேல் பலகைகளைப் பரப்பி, பலகையின் மேல் மண்ணைக் கொட்டி அடித்து மெழுகிவிடுவர். மேலே ஓடு, கீழே மண் மூடிய பலகை, நடுவில் நிமிர்ந்து நிற்க முடியாத இருண்ட இடைவெளி என்பதே இதன் வடிவம். பித்தளை அண்டாக்கள், நெல் மூட்டைகள், பழைய ஏடுகள், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இறக்கப்படும் கொலுப்படிகள் எனக் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அங்கே ஏறியது. மண்படை கோடையின் சூட்டைத் தடுத்துக் கூடத்தைக் குளிர்வித்ததோடு, தீக்கும் இரு திசைகளில் தடையாக நின்றது. கூரைச் சட்டம் எரிந்து ஓடுகள் சரிந்தாலும் அவை விழுவது மண்ணின்மேல்; கூடத்தில் தீப்பிடித்தாலும் சுவாலை மேலேறுவதற்கு முன் மண்ணால் மூடிய பலகையைத் துளைக்க வேண்டும். அடுக்களைப் பரணுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அடுப்புக்கு மேலே மூங்கிலாலோ மெல்லிய சட்டங்களாலோ அமைந்த அப்பரணில் விறகும் வரட்டியும் காயவைக்கப்பட்டதால், எரிபொருளும் தீயும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருந்தன. புகையில் படிந்த கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் பல ஆண்டுகளாகச் சட்டங்களில் சேர்ந்து தீக்குத் துணைசெய்தன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூரையில் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. 1865இல் மங்களூரை அடுத்த ஜெப்புவில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையும், அதைப் பின்பற்றி மேற்குக் கரையில் எழுந்த பிற ஆலைகளும் வார்த்த தட்டையான ஓடுகள் இருப்புப்பாதை வழியாகத் தமிழகமெங்கும் பரவின. சீமை ஓடு என மக்கள் அழைத்த இவ்வோடு, பல அடுக்காகக் கவிழ்த்துப் போடும் நாட்டு ஓட்டைவிடக் கூரைக்குக் குறைந்த சுமையையே தந்தது. ஆதலால் அதைத் தாங்க அறுத்த மெல்லிய கைமரங்களும் ரீப்பர் எனப்படும் சிறு சட்டங்களும் போதுமானவையாயின. ஓடு எரியாது என்பதால் இதைத் தீயிலிருந்து விடுதலையாகவே அக்காலத்தவர் கண்டனர். அது பெருமளவுக்கு உண்மையும் ஆகும். எனினும், ஓட்டைத் தாங்கும் மரம் எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவு விரைவாக எரிந்து அறுந்துபோகும் என்பதும், சில ரீப்பர்கள் அறுந்தாலே ஓடுகள் கொத்தாகச் சரியும் என்பதும் அந்த நிறைவில் கவனம் பெறவில்லை.

வசதி படைத்தோரும் அரசு அலுவலகங்களும் மேற்கொண்டது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டையான மாடித்தளம். தேக்குக் கட்டைகளை ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாக இட்டு, மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து விளிம்பில் நிற்கும்படி மூலைவாட்டாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டுவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய பின்னர், மேலே தட்டோடு பதிக்கப்படும். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு சாண் கனமுள்ள, தீப்பற்றாத போர்வை மரத்தின் மேல் அமைந்துவிடும். ஸ்ரீரங்கம் கோயிலில் 2015 நவம்பர் குடமுழுக்குக்கு முன்னர் நடைபெற்றதும் 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்றதுமான திருப்பணியில் பழைய சுண்ணாம்புக் கலவை முறைகள் மீண்டும் கையாளப்பட்டது, இத்தொழிலறிவு முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

மெட்ராஸ் டெரஸில் தீக்கு வெளிப்பட்டிருப்பது கட்டைகளின் அடிப்பக்கமும் இரு பக்கவாட்டும் மட்டுமே. மரம் எரியும் விதத்தை நோக்கினால் இதன் நன்மை விளங்கும். உண்மையில் நேரே எரிவது மரக்கட்டையன்று; ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறும்போது மரம் சிதைந்து வெளியிடும் வாயுக்களே சுவாலையாகின்றன. அவ்வாயுக்கள் வெளியேறிய பிறகு மேற்பரப்பில் எஞ்சும் கரி, வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளாதலால், உள்ளே இருக்கும் நல்ல மரத்தைக் காக்கும் கவசமாகிவிடுகிறது. அடர்ந்த மரங்களில் இக்கரிப்படிவு நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்று மிகுதியான வேகத்தில்தான் உள்நோக்கி நகரும். அரைமணி நேரத் தீயிலும் ஒரு பக்கத்தில் 2 சென்டிமீட்டர் அளவே கருகும். ஆறு அங்குலத் தேக்குத் தூலம் அவ்வளவு இழந்தும் தன் சுமையைத் தாங்கி நிற்கக்கூடும். அதே தீயில் அரை அங்குல ரீப்பர் எப்போதோ சாம்பலாகியிருக்கும். கீற்றுக்கோ கரிக்கவசம் கட்டிக்கொள்ளும் கனமே கிடையாது. ஆகவே மரம் என்பதால் ஆபத்து, கல் என்பதால் பாதுகாப்பு என்ற பொதுக்கருத்து இங்கே பொருந்தாது. பழைய வீட்டின் தடித்த தூலத்தைவிட, புதிய வீட்டின் மேல் போட்ட மெல்லிய கொட்டகையே பன்மடங்கு கொடியது.

நகராட்சி நிர்வாகம் இவ்வூர்களுக்கு வந்த பின்னர், கூரைப்பொருள் சட்டத்தின் பார்வைக்குள் நுழைந்தது. திருச்சிராப்பள்ளி 1866இலும் ஸ்ரீரங்கம் 1871இலும் நகராட்சிகளாயின. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், கூரை, தாழ்வாரம், பந்தல் ஆகியவற்றைப் புல், ஓலை, பாய், துணி போன்ற எளிதில் பற்றும் பொருள்களால் அமைப்பதற்கு நகராட்சியின் எழுத்துவழி அனுமதி வேண்டும் என விதித்தது. நோக்கம் நல்லது என்றாலும், ஓலையைத் தவிர வேறு கூரைக்கு வழியில்லாத குடும்பத்திடம் அனுமதிச் சீட்டைக் கேட்ட அச்சட்டம், ஓலையைக் குறைந்த செலவில் எப்படிப் பாதுகாப்பாக்கலாம் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பந்தலைப் பொறுத்தவரை ஸ்ரீரங்கத்தில் அது வெறும் நிழலுக்கான ஏற்பாடன்று. ஆயிரங்கால் மண்டபத்தில் கல்தூண்கள் 953 என்றும், எஞ்சிய 47ஐ வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவுக்காக அதன் முன்புறத்தில் நடப்படும் பந்தற்கால்களே நிறைவுசெய்கின்றன என்றும் மரபு கூறுகிறது. விழாவுக்கு முன் முகூர்த்தக்கால் நடும் சடங்கு கோயிலிலும், பந்தக்கால் நடும் சடங்கு ஒவ்வொரு திருமண வீட்டிலும் நடைபெறும் ஊரில், பந்தல்காரரின் தொழில் கொத்தனாரின் தொழிலுக்கு இணையான தேவையாக இருந்தது. மூங்கிலோடு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் எஞ்சின்களுக்கு விறகாகும்பொருட்டுக் கடற்கரையோரங்களில் பெருமளவில் பயிரிடப்பட்ட சவுக்கும் இத்தொழிலுக்குக் கழி தந்தது. தெருவில், தரைமட்டத்தில், நான்கு பக்கமும் திறந்து நின்ற பழைய பந்தலில் தீப்பிடித்தால் எத்திசையிலும் ஓடிவிட இடம் இருந்தது. இதை நினைவிற் கொள்வது பின்னர் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள உதவும்.

கூரைக்குள் புதுவகைத் தீயை முதலில் கொண்டுவந்தது திரைப்படம். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் தூப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். அக்காலப் படச்சுருள் நைட்ரேட் செல்லுலோஸால் ஆனது. எளிதில் பற்றுவதோடு, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாதது. 1897 மே 4 அன்று பாரிசில், மரமும் துணியும் கொண்டு அமைத்த தற்காலிகக் கொட்டகையில் நடந்த அறக்கொடைச் சந்தையின்போது படக்கருவியின் விளக்கிலிருந்து தீப்பற்றி 126 பேர் இறந்தனர். இந்தியாவில் 1918இல் இயற்றப்பட்ட சினிமாட்டோகிராப் சட்டம் தணிக்கையோடு பார்வையாளரின் பாதுகாப்பையும் தன் நோக்கமாகக் கொண்டது. படச்சுருளைப் பற்றிய அச்சம் சட்டமாகியும், கீற்றுக் கொட்டகைத் திரையரங்குகள் தமிழகத்தில் பல பத்தாண்டுகள் நீடித்தன. 1979இல் தூத்துக்குடியில் அத்தகைய அரங்கு ஒன்று எரிந்து பலர் மாண்டனர்.

மரத்தையும் துணியையும் தீயிலிருந்து காக்கும் வேதியியல் இதற்கெல்லாம் வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 1735இல் இங்கிலாந்தில் ஒபடாயா வைல்ட் என்பவர் படிகாரம், வெண்காரம் முதலியவற்றைக் கொண்டு துணியையும் தாளையும் பதப்படுத்த உரிமம் பெற்றார். பிரான்சில் நாடக அரங்குகளின் திரைகள் தீக்கு இரையாவதைத் தடுக்கும் பொருட்டு ஆய்வில் ஈடுபட்ட கே-லூசாக், அம்மோனியம் பாஸ்பேட், அம்மோனியம் குளோரைடு, வெண்காரம் ஆகிய உப்புகளின் கலவை தாவர இழைகளைச் சுவாலையின்றிக் கருகச் செய்யும் என 1821இல் வெளியிட்டார். அவர் கண்ட அடிப்படை இன்றும் மாறவில்லை. அம்மோனிய உப்புகள் சூட்டில் சிதைந்து அமிலத்தைத் தர, அவ்வமிலம் தாவர இழையிலிருந்து நீரைப் பிரித்து, எரியும் வாயுவுக்கு மாறாகக் கரியை மிகுதியாக விளைவிக்கிறது. உடன் வெளிவரும் அம்மோனியா, காற்றிலுள்ள ஆக்சிஜனை நீர்த்துப்போகச் செய்கிறது. வெண்காரம் உருகிக் கண்ணாடி போன்ற படலமாக இழையை மூடுகிறது. போரிக் அமிலம், சுவாலை அடங்கிய பின்னும் கனன்றுகொண்டிருக்கும் கங்கை அடக்குகிறது. தடித்த தூலம் தானே செய்துகொள்வதை, அதாவது கரிக்கவசம் அமைத்துக்கொள்வதை, மெல்லிய பொருளுக்கும் கற்பிப்பதே இவ்வுப்புகளின் வேலை எனலாம்.

இந்தியாவில் மரப்பதப்படுத்தல் என்றதும் நினைக்கப்பட வேண்டியவர் சோன்டி காமேசம். டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் 1933இல் அவர் உருவாக்கிய, செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் உப்புகளும் கலந்த ஆஸ்கு என்னும் மருந்து, உலகெங்கும் தந்திக் கம்பங்களையும் வீட்டு மரங்களையும் கறையானிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்தது. ஆனால் கறையானுக்கான மருந்து தீக்கு மருந்தாகாது. பதப்படுத்திய மரம் என்ற ஒரே பெயரால் இரண்டும் விற்கப்படுவதால், கடைக்காரரிடம் எதற்காகப் பதப்படுத்தியது எனக் கேட்பது இன்றியமையாதது. செம்பும் குரோமியமும் ஏறிய மரம், சுவாலை அணைந்த பின்னும் நெடுநேரம் உள்ளூரக் கனலும் தன்மையுடையது. ஆர்செனிக் ஏறிய துண்டுகளை அடுப்பில் எரித்தால் சாம்பலும் புகையும் நஞ்சாகும். 2003ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அம்மருந்து கைவிடப்பட்டது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பந்தல்களுக்கும் தற்காலிகக் கட்டுமானங்களுக்கும் உரிய தீத்தடுப்பு நெறிகளை ஐ.எஸ். 8758 என்ற எண்ணில் வெளியிட்டு, 1993இல் திருத்தியமைத்தது. அம்மோனியம் சல்பேட் 4 பங்கு, அம்மோனியம் கார்பனேட் 2 பங்கு, வெண்காரம் 1 பங்கு, போரிக் அமிலம் 1 பங்கு, படிகாரம் 2 பங்கு, நீர் 35 பங்கு என்ற அளவில் கலந்த கரைசலில் பந்தல் துணியை நனைத்து உலர்த்தும் முறை, தீயணைப்புத் துறைகள் பந்தல் அமைப்போருக்கு வழங்கும் அறிவுரைகளில் இடம்பெற்றுவிட்டது. இதில் உள்ள அம்மோனியம் சல்பேட் டெல்டா உழவர்கள் வயலுக்கு இடும் உரம். படிகாரமும் வெண்காரமும் நாட்டுமருந்துக் கடையில் கிடைப்பவை. அதாவது, திருச்சிராப்பள்ளியில் ஒரு பந்தல்காரர் நினைத்திருந்தால் பெரிய கடைவீதியைச் சுற்றி அரைநாளில் திரட்டிவிடக்கூடிய பொருள்கள் இவை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும், ஓலைக்கூரையின் மேல் தார் கலந்த மண்பூச்சைப் பூசி மழையையும் தீயையும் ஒருங்கே தடுக்கும் முறையை வகுத்திருந்தது. அறிவு இருந்தது, பொருள் இருந்தது, எழுதப்பட்ட நெறியும் இருந்தது. இவற்றைத் தொழில் செய்பவரின் கைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஏற்க ஒருவரும் முன்வரவில்லை என்பதே உண்மை.

இதற்கிடையில் கூரை வேறொரு திருப்பத்தை எடுத்திருந்தது. விடுதலைக்குப் பின் கம்பி இட்ட கான்கிரீட் தளம் படிப்படியாக மெட்ராஸ் டெரஸையும் ஓட்டையும் நீக்கியது. திருச்சிராப்பள்ளியின் கோடையில் கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் கீழே உமிழும். மொட்டைமாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டால் அவ்வெப்பம் குறையும், கூடுதலாக ஓர் அறையும் கிடைக்கும். விடுதிகள், உணவகங்கள், தனிப்பயிற்சி வகுப்புகள், பள்ளிகள், திருமண மண்டபங்கள் எனப் பலவும் இவ்வழியைப் பின்பற்றின. தீப்பற்றாத கட்டடம் என்ற நம்பிக்கையில் எழுப்பப்பட்ட கான்கிரீட்டின் உச்சியில், அக்கிரகார வீட்டின் மண் மெழுகிய மச்சுக்கு மாறாக, வெறும் ஓலையும் மூங்கிலும் ஆன மேலறை வந்து அமர்ந்தது. வற்றல் காயவைக்க ஒருவர் ஏறி இறங்குவதற்காகக் கட்டிய குறுகிய படிக்கட்டு, நூற்றுக்கணக்கானோர் கூடும் இடத்துக்கு ஒரே வாயிலாயிற்று. தெருப்பந்தலின் திறந்த நான்கு பக்கங்களும் அங்கே இல்லை. மேலே எரியும் கூரை, கீழே ஒற்றைப் படி, சுற்றிலும் கைப்பிடிச் சுவர்.

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கீற்றுக் கொட்டகை எரிந்து 28 பேர் மடிந்தனர். பின்னர் நிகழ்ந்தது ஸ்ரீரங்கம். மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில், திருமணத்தைப் படம்பிடிப்பதற்காக இழுத்த மின்கம்பியிலிருந்து தீப்பற்றியதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. குறுகிய படிக்கட்டில் நெரிசல் மிகுந்து பலர் வெளியேற முடியாமற்போயிற்று. ஆறு மாதம் கழிவதற்குள், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் தோன்றிய தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. ஒரே ஆற்றுப்படுகையில், ஒரே ஆண்டில், ஏறத்தாழ ஒரே கட்டட அமைப்பில் நிகழ்ந்த இவ்விரண்டில், முதலாவதற்குப் பின் மாடிக் கொட்டகைகள் அனைத்தும் உடனே சோதிக்கப்பட்டிருந்தால் இரண்டாவது நிகழ்ந்திருக்குமா என்ற கேள்வியை வரலாறு எழுதுவோர் தவிர்க்க இயலாது.

கும்பகோணத்துக்குப் பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளுக்குத் தீத்தடுப்பு நெறிகளைக் கட்டாயமாக்கியது. 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க இலக்கு வைத்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியபின் பசுமை வீடுகள் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. மாடிகளில் கீற்றுக்குப் பதில் இரும்புத் தகடு ஏறியது. தீயைப் பொறுத்தவரை இது பெரும் முன்னேற்றம். வெப்பத்தைப் பொறுத்தவரை மக்கள் அதற்கு விலை கொடுத்து வருகின்றனர். கீற்றை உப்புக்கரைசலில் நனைத்துப் பயன்படுத்துவதைவிட அதை ஒழிப்பதே எளிது என அரசு முடிவுசெய்ததற்கு ஒரு நியாயமும் உண்டு. மேற்சொன்ன உப்புகள் அனைத்தும் நீரில் கரைபவை; ஒரு முகூர்த்தத்துக்கான பந்தலில் அவை நிற்கும், ஐப்பசி மழையில் இரண்டு நாள் நனைந்த கூரையில் நிற்க மாட்டா.

இதே காரணத்தால்தான், மழை படாத மச்சும் பரணும் பதப்படுத்தலுக்கு மிகவும் ஏற்ற இடங்களாகின்றன. உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் எஞ்சியுள்ள பழைய வீடுகளின் மச்சுகளில் இன்று நெல் மூட்டை இல்லை; அட்டைப்பெட்டிகளும் பிளாஸ்டிக்கும் பஞ்சு மெத்தைகளும், பல பத்தாண்டுகளுக்கு முன் மரச்சட்டத்தில் பதித்து இழுத்த மின்கம்பிகளும் உள்ளன. புதிதாகச் சேர்க்கும் சட்டங்களையும் பலகைகளையும், கலனில் அடைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தத்தில் மருந்தை உட்செலுத்தும் முறையில் பதப்படுத்தி வாங்கலாம். ஒட்டுப்பலகையானால் தீத்தடுப்பு வகைக்கென உள்ள ஐ.எஸ். 5509 முத்திரையைப் பார்த்து வாங்கலாம். ஏற்கெனவே சுவரில் பதிந்துள்ள தூலங்களைக் கழற்ற இயலாதாகையால், அவற்றைக் கரியும் பிசுக்கும் போகத் துடைத்து, சூடேறினால் பொங்கி நுரைத்துத் தடித்த கரிப்படலமாகும் பூச்சைப் பூசுவதே வழி. பழைய கம்பிகளை முதலில் மாற்றாமல் பூச்சு பூசுவதில் பயன் குறைவு. அண்மைக்காலப் புதுப்பிப்புகளில் கூடத்தின் பாரத்தைக் குறைப்பதற்காக மச்சின் மேலுள்ள மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, தேக்குப் பலகையை மட்டும் மெருகேற்றிக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. எந்தப் பூச்சும் அந்த மண்படைக்கு ஈடாகாது. தூலம் தாங்குமா எனப் பொறியாளரைக் கொண்டு சோதித்து, தாங்குமெனில் மண்ணை அங்கேயே இருக்கவிட்டு, தாங்காதெனில் அதன் இடத்தில் தீப்பற்றாத மெல்லிய பலகையையோ சுண்ணாம்புப் படையையோ இட்ட பின்னரே மரத்தின் அடிப்பக்கத்துக்குப் பூச்சு அடிக்க வேண்டும்.